பொன் துருப்பிடிக்குமா?





வேதபாடக் கூட்டத்தில் யாக்கோபு நிருபம் தியானித்துக்கொண்டு வருகிறோம். ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்தபோது, நகைப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு சகோதரர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "பாஸ்டர், ஐசுவரியவான்களோட பொன்னும் வெள்ளியும் துருவேறிப் போச்சுன்னு யாக்கோபு சொல்றாரு. வெள்ளி கறுக்கும், ஒத்துக்கறேன். தங்கம் எங்கே துருப்பிடிக்கும்? இருபது வருஷமா தங்கத்தோடயே இருக்கேன், ஒரு நாளும் பார்த்ததில்லையே."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. பொன் துருப்பிடிக்காது என்று யாக்கோபுக்குத் தெரியாதா? அந்தக் காலத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அப்படி எழுதினார் என்றால், ஆவியானவர் அதில் ஒரு காரியம் வைத்திருக்கிறார்.

பொன் துருப்பிடிக்காது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி கடலுக்கு அடியில் கிடந்தது. அதைச் சொல்லுகிறேன்.

கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடித்தது 1848 ஜனவரியில். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஜனங்கள் அங்கே ஓடினார்கள். அங்கே எடுத்த தங்கத்தைக் காசாக அடிக்க 1854-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நாணயச் சாலை திறந்தார்கள். அங்கே அடித்ததில் பெரிய காசு இருபது டாலர் பொற்காசு. பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. எடை 33 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நம்ம ஊர்க் கணக்கில் நாலு பவுனுக்கும் சற்று அதிகம். (நாம் சொல்லுகிற பவுனும் சவரனும் வெள்ளைக்காரனுடைய பொற்காசுதானே. காசு போய்விட்டது, எடை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.)

1857 செப்டம்பரில் 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற நீராவிக் கப்பல் பனாமா பக்கத்திலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டது. அதில் ஏறக்குறைய 580 பேர். பலர் கலிபோர்னியாவில் வருஷக்கணக்காக மண்ணைத் தோண்டி, சேர்த்த தங்கத்தை இடுப்பிலும் பெட்டியிலும் கட்டிக்கொண்டு வீடு திரும்பினவர்கள். அதுபோக வங்கிகளுக்குப் போகிற காசும் கட்டியும் டன் கணக்கில் இருந்தது. கரோலினா கரைக்கு அப்பால் பெரும் புயல் பிடித்தது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறி நெருப்பு அணைந்தது. ஆண்கள் வரிசையாக நின்று இராப்பகலாக வாளியில் தண்ணீர் இறைத்தார்கள். ஒரு சிறு பாய்மரக் கப்பல் கிட்டே வந்தது. கப்பித்தான் ஹெர்ன்டன் ஸ்திரீகளையும் பிள்ளைகளையும் முதலில் அதற்கு அனுப்பினார். செப்டம்பர் 12-ஆம் தேதி இரவு கப்பல் மூழ்கியது. 425 பேர் மாண்டார்கள். கப்பித்தானும் அதோடு போனார்.

தப்பிவந்தவர்கள் சொன்னது அந்நாள் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. கடைசி மணி நேரத்தில் சிலர் தங்கள் பைகளைத் திறந்து பொன்னைத் தரையில் கொட்டினார்களாம். ஒருவர் இருபதாயிரம் டாலர் பெறுமான பொன்தூளை வாரி இறைத்து, ஆசை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். ஒருவரும் குனியவில்லை. நேற்று வரைக்கும் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கின பொன்! இடுப்பில் கட்டினால் நீந்த முடியாது என்று தெரிந்தபோது அது பாரமாகிவிட்டது.

131 வருஷம் அந்தப் பொன் ஏறக்குறைய 2,200 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. 1988-ல் டாமி தாம்சன் என்ற பொறியாளரின் குழு இயந்திரத்தை இறக்கிக் கண்டுபிடித்தது. 1857-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இருபது டாலர் காசுகள் மாத்திரம் 5,000-க்கு மேல். அடித்த அன்று இருந்த பளபளப்பு அப்படியே! இரும்பு கரைந்துபோயிற்று, பொன் இருந்தது. சில காசுகளின்மேல் துரு படிந்திருந்தது உண்மைதான். ஆனால் அது பொன்னின் துரு அல்ல, பக்கத்தில் கிடந்த கப்பல் இரும்பின் துரு. மருந்திட்டு மெதுவாகக் கழுவி எடுத்தார்கள்.

இந்தக் கப்பல் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை செய்கிற நம் விசுவாசி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவர் பழைய அமெரிக்கப் பொற்காசு சேகரிக்கிறவர். இந்தக் கப்பலிலிருந்து எடுத்த இருபது டாலர் காசு ஒன்றை வாங்கியிருக்கிறார். ஒரு நல்ல பழைய கார் வாங்குகிற பணம் போயிருக்கிறது. "ஐயா, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எடுத்துப் பாத்துட்டு வைக்கிறேன். ஜெபத்துல முழங்கால் போட்டா அந்தக் காசுதான் கண்ணு முன்னால வருது. இது பாவமா? குடிக்கிறதில்ல, சூதாடறதில்ல, சம்பாதிச்ச பணம், தசமபாகமும் தவறாம குடுக்கிறேன். காசு சேக்கறது பாவம்னு வேதத்துல எங்கயாவது இருக்கா?" என்று கேட்டிருந்தார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பொருளாசை என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டுப் போவது சுலபம். பிரசங்கபீடத்தில் நின்று அப்படிச் சொன்னால் "ஆமென்" என்றும் சொல்லுவீர்கள். ஆனால் அவர் கேட்டது அதைவிட நுட்பமான கேள்வி. அதனால் இந்தக் காசுகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்க வேதம் அங்கங்கே வந்து நின்றது.

முதலாவது, ஒரு காசு எப்படி அபூர்வமாகிறது? 1822-ல் பிலடெல்பியா நாணயச் சாலையில் ஐந்து டாலர் பொற்காசு 17,796 அடித்ததாகக் கணக்கு இருக்கிறது. இன்றைக்கு உலகத்திலேயே மூன்றுதான் உண்டு. இரண்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது தனியார் கையில். அது 1982-ல் 6,87,500 டாலருக்கு விற்றது. 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் எடை என்ன தெரியுமா? எட்டே முக்கால் கிராம். நம்முடைய ஒரு பவுனைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்!

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? உருக்கிவிட்டார்கள். அந்நாளில் அமெரிக்கச் சட்டம் பொன்னுக்கு வைத்த விலை வெளிநாட்டு விலையைவிடக் குறைவு. ஐந்து டாலர் காசுக்குள்ளே இருந்த பொன் ஐந்து டாலருக்கு மேல் பெறும். ஆகவே வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றி ஐரோப்பாவில் உருக்கினார்கள். 1834-ல் சட்டம் போட்டுக் காசின் எடையைக் குறைத்த பிறகுதான் அது நின்றது. அதற்குள் பழைய காசுகள் அநேகமாக அழிந்துபோயின. தப்பின காசு ஒன்றும் மேலான காசு அல்ல. பக்கத்தில் இருந்ததும் அதே பொன், அதே அச்சு, அதே முத்திரை. மற்றவை உருகின, இது உருகவில்லை. தப்பினதுதான் அதன் விலை. இரட்சிக்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமும் அப்படித் தப்பின காசுகள்தானே!

இரண்டாவது காரியம்தான் என்னை உட்கார வைத்தது. இந்தக் காசுகளுக்கு மார்க்கு போடுகிறார்கள். ஒன்றிலிருந்து எழுபது வரைக்கும். பரீட்சை மாதிரி. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசுக்குக் குறைந்த மார்க்கு. அறுபதும் அதற்கு மேலும் வாங்க வேண்டுமானால் அந்தக் காசு புழங்கவே கூடாது. ஒருவன் கடையில் நீட்டியிருக்கக் கூடாது, ஒருத்தி முந்தானையில் முடிந்திருக்கக் கூடாது. எழுபது என்றால் பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு கீறல் இல்லை என்று அர்த்தம். மார்க்கு போட்டபின் கடினமான பிளாஸ்டிக் உறையில் அடைத்து மூடி எண் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் சொந்தக்காரன்கூட விரலால் தொட முடியாது.

பிரியமானவர்களே, காசு எதற்காக உண்டாக்கப்பட்டது? கைவிட்டுக் கை போவதற்கு. 1857-ல் ஒரு கூலிக்காரன் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் ஏறக்குறைய ஒரு டாலர் கிடைக்கும். அப்படியானால் ஒரு இருபது டாலர் காசு என்பது ஒரு வீட்டின் மூன்று வாரத்து மாவும், பாலும், விறகும். அந்தக் காசு கூலிக்காரன் வீட்டுக்குப் போயிருந்தால் தேய்ந்திருக்கும். தேய்ந்திருந்தால் மார்க்கு குறைந்திருக்கும். எந்த ஏழைக்கும் உதவாத காசுக்கே முதல் மார்க்கு!

இங்கே லூக்கா 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிரபுவானவர் தூர தேசத்துக்குப் போகும்போது ஊழியக்காரரிடம் ஆளுக்கு ஒரு ராத்தல் கொடுக்கிறார். ஒருவன் அதைச் சீலையிலே சுற்றி வைத்துவிட்டான். திரும்பி வந்தபோது எடுத்துக் கொடுக்கிறான். கீறல் இல்லை, அழுக்கு இல்லை, எடை குறையவில்லை. கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறது. இந்த மார்க்குப் போடுகிறவர்களிடம் கொண்டுபோயிருந்தால் அவனுக்கு எழுபதுக்கு எழுபது கொடுத்து மாலை போட்டிருப்பார்கள். எஜமானோ அவனைப் பொல்லாத ஊழியக்காரன் என்றார்.

அவன் திருடவில்லை, கவனியுங்கள். ஊதாரித்தனமாய்ச் செலவழிக்கவும் இல்லை. நம் டெக்சாஸ் சகோதரர் சொன்ன மாதிரி அவனும், "நான் குடிக்கலை, சூதாடலை" என்று சொல்லியிருக்கலாம். பத்திரமாய் வைத்திருந்ததுதான் அவன்மேல் குற்றமாக வந்தது.

அப்படியானால் சேர்த்து வைக்கிறது எல்லாமே பாவமா? சிலர் அப்படிப் போதிக்கிறார்கள். ஆகானுடைய கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அது சரியல்ல என்பது என் தாழ்மையான எண்ணம். ஆகான் எடுத்தது கர்த்தருக்கென்று விலக்கப்பட்டது. அது களவு. தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய காசு வாங்கினவனை ஆகானோடு சேர்ப்பது நியாயமில்லை. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த ஸ்திரீ விளக்குக் கொளுத்தி வீடு பெருக்கித் தேடினாளே, அவளை ஆண்டவர் கடிந்துகொண்டாரா? அவள் சந்தோஷத்தைப் பரலோகத்தின் சந்தோஷத்துக்கு உவமையாக வைத்தார். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். காசு கிடைத்தவுடனே அவள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாள். நடு ராத்திரியில் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

மன்னாவை நினைத்துக்கொள்ளுங்கள், யாத்திராகமம் 16. நாளைக்கு ஆகும் என்று ஒளித்து வைத்த மன்னா மறுநாளே புழு வைத்து நாறிப்போயிற்று. ஆனால் அதே அதிகாரத்தில், அதே மன்னாவை ஒரு கலசத்தில் எடுத்துக் கர்த்தருடைய சந்நிதியில் வைக்கும்படி மோசே ஆரோனுக்குச் சொல்லுகிறார். வருகிற தலைமுறை பார்க்கவேண்டும் என்பதற்காக. அது நாறவில்லை. ஒரே மன்னா, ஒரே வானத்திலிருந்து விழுந்தது. கூடாரத்துக்குள் ஒளித்தது கெட்டது. எல்லாருக்கும் சாட்சியாக வைத்தது நின்றது. சேர்த்து வைக்கிறதைக் குறித்து வேதத்தில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

லூயிஸ் எலியாஸ்பெர்க் என்று பால்டிமோர் நகரத்து வங்கிக்காரர் ஒருவர் இருந்தார். அமெரிக்கா அடித்த காசுகளில் அறியப்பட்ட எல்லா வருஷத்தையும் எல்லா நாணயச் சாலையையும் சேர்த்து, 1950-ல் முழுத் தொகுப்பாக முடித்தவர் அவர் ஒருவரே. நான் மேலே சொன்ன அந்த 1822 காசும் அவரிடம்தான் இருந்தது. அவர் வீட்டில் பூட்டி வைத்துத் தனியாக ரசிக்கவில்லை. ஜனங்கள் வந்து பார்க்கும்படி காட்சிக்கு வைத்தார். 1953-ல் ஒரு பெரிய பத்திரிகை படத்தோடு போட்டது, ஆயிரக்கணக்கானோர் கடிதம் எழுதினார்கள். இது கலசத்தில் வைத்த மன்னா மாதிரி என்று சொல்லலாம். முழுக்க அப்படியே என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்தக் காலத்துச் சட்டத்தையும் பார்க்கவேண்டும்.

1933 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு கட்டளை போட்டார். நாடு வறுமையில் கிடந்தது, வங்கிகள் மூடிக்கிடந்தன. ஜனங்கள் தங்கள் கையில் உள்ள பொற்காசையும் பொன்கட்டியையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காகிதப் பணம் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆளுக்கு நூறு டாலர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பொன்னுக்கு அப்போது அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட். ஒப்படைத்து முடித்தபின், 1934 ஜனவரியில் அதே பொன்னுக்கு அரசாங்கம் வைத்த விலை 35 டாலர்! கொடுத்தவன் வயிறு எரிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டளையில் ஒரு வாசல் திறந்திருந்தது. சேகரிக்கிறவர்களுக்கு விசேஷ மதிப்புள்ள அபூர்வக் காசுகளை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. எலியாஸ்பெர்க் பொற்காசு வாங்கத் தொடங்கினதே பொன் வைத்துக்கொள்ள அந்த வழி இருந்ததால்தான் என்று சொல்லுவார்கள். ஒரு காரியத்தின் மேல் உண்மையாகவே நேசம் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த ராத்திரியில் திடீரென்று "நானும் சேகரிக்கிறவன்தான்" என்று சொல்லிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! மனுஷ இருதயம் சட்டத்தில் சந்து தேடும். அந்தத் தடை 1974 டிசம்பர் கடைசி நாளில்தான் நீங்கிற்று.

இப்போது துருவுக்கு வருகிறேன். யாக்கோபு என்ன சொல்லுகிறார் என்று மறுபடியும் பாருங்கள். அந்தத் துரு சாட்சியாக நிற்கும் என்கிறார். அடுத்த வசனத்திலேயே வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூப்பிடுகிறது என்கிறார். துருவும் கூலியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நகைப் பட்டறைச் சகோதரர் பார்த்த துரு வேறு. இது சாட்சி சொல்லுகிற துரு.

காசு சாட்சி சொல்லுமா? சொல்லும் என்று நம்பின ஒரு போதகர் உண்டு. அவர் பெயர் வாட்கின்சன், பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் ஊழியம் செய்தவர். 1861 நவம்பரில், உள்நாட்டு யுத்தம் தொடங்கின சமயம், அரசாங்கத்தின் நிதி மந்திரி சேஸ் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நம்முடைய தேசம் அழிந்து, பிற்காலத்தில் வருகிறவர்கள் நம் காசைத் தோண்டி எடுத்துப் பார்த்தால், நம்மைத் தெய்வத்தை அறியாத அஞ்ஞானிகள் என்றுதானே நினைப்பார்கள், காசில் கர்த்தரை அறிக்கையிட வேண்டாமா என்பது அதன் சாரம். மந்திரிக்கு மனசில் பட்டது. 1864-ல் இரண்டு சென்ட் காசில் முதலாவது, 1866-லிருந்து பெரிய பொற்காசுகளிலும், தேவனை நம்பியிருக்கிறோம் என்ற வாசகம் ஏறிற்று. ஒரு சாதாரண ஊழியக்காரர் எழுதின கடிதம்! எத்தனையோ பேர் இதைச் சாட்சியாகச் சொல்லி ஸ்தோத்திரிக்கிறார்கள்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1907-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது (மேலே சொன்ன ரூஸ்வெல்ட் வேறே, இவர் வேறே) புதிய பொற்காசிலிருந்து அந்த வாசகத்தை எடுத்துவிடச் சொன்னார். அவர் தேவனை மறுதலித்தவர் அல்ல. தேவனுடைய நாமத்தைக் காசில் போட்டு, அது மதுக்கடையிலும் சூதாட்டத்திலும் புரளுவது தேவதூஷணத்துக்குக் கிட்டத்தட்ட வரும் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், 1908-ல் காங்கிரஸ் திரும்பவும் போட வைத்தது. உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் என் மனசு ஜனாதிபதி பக்கம்தான் போகிறது. நாமத்தை வீணிலே வழங்காதே என்பது காசுக்கும் பொருந்தும். வாட்கின்சன் ஐயா பரலோகத்தில் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. பிற்காலத்தில் வருகிறவன் இந்தக் காசைப் பார்த்து என்ன வாசிப்பான்? ஒரு காசை எடுத்து வாசித்துப் பார்ப்போம்.

ஜார்ஜியா மாநிலத்தில் டலோனிகா என்று ஒரு மலையூர். 1838-ல் அங்கே ஒரு நாணயச் சாலை வேலை தொடங்கிற்று. 1861 வரை நடந்தது. அங்கே பொற்காசு மாத்திரம்தான் அடித்தார்கள். அந்த ஊர் எழுத்துப் போட்ட காசுக்குச் சேகரிக்கிறவர்கள் இன்றைக்கும் அலைகிறார்கள். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? செரோக்கி என்ற பூர்வகுடி ஜனங்களின் நாட்டிலிருந்தும் அதன் ஓரங்களிலிருந்தும். 1829 வாக்கில் அங்கே பொன் இருக்கிறது என்று தெரிந்தவுடனே ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்தார்கள். 1832-ல் ஜார்ஜியா அரசாங்கம் அந்த ஜனங்களின் நிலத்தை நாற்பது நாற்பது ஏக்கராகப் பிரித்து, குலுக்கல் சீட்டுப் போட்டு வெள்ளையருக்குக் கொடுத்தது. பொன் நிலக் குலுக்கல் என்றே அதற்குப் பெயர். ஆண்டவருடைய வஸ்திரத்துக்குச் சீட்டுப் போட்டது உங்களுக்கு நினைவு வரும், எனக்கும் வந்தது.

அந்தச் செரோக்கி ஜனங்களில் அநேகர் விசுவாசிகள். சொந்த எழுத்து உண்டு, அவர்கள் பாஷையில் சுவிசேஷம் அச்சாகிக்கொண்டிருந்தது. அவர்கள் நடுவில் ஊழியம் செய்த சாமுவேல் வூஸ்டர், எலைசர் பட்லர் என்ற இரண்டு மிஷனெரிகள் மாநிலத்துக்குக் கீழ்ப்படிந்து சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததால் 1831-ல் நாலு வருஷக் கடுங்காவல் தண்டனை பெற்றார்கள். 1832-ல் உச்ச நீதிமன்றம் மிஷனெரிகள் பக்கம் தீர்ப்பளித்தது. இருந்தாலும் 1833 ஜனவரியில்தான் விட்டார்கள். ஜனங்களுக்கோ அந்தத் தீர்ப்பு உதவவில்லை. 1838-ல், டலோனிகாவில் புதுக் காசு அடிக்கத் தொடங்கின அதே வருஷம், போர்ச்சேவகர் வந்து செரோக்கி ஜனங்களை வீடு வீடாகப் பிடித்து மேற்கே அனுப்பினார்கள். முகாமிலும் வழியிலும் குளிரிலும் வியாதியிலும் மாண்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போனவர் புஷிஹெட் என்ற செரோக்கி பாப்டிஸ்ட் போதகர்.

1838 என்று போட்ட அந்தக் காசில் துரு இல்லை. மின்னுகிறது. ஒரு பக்கம் சுதந்தரம் என்று எழுதின ஒரு ஸ்திரீயின் தலை. நல்ல மார்க்கும் வாங்கும். யாக்கோபு கண்ட துரு அதன்மேல் இருக்கிறதா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் காசை இன்று வைத்திருக்கிறவன் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. அவன் அதைக் கொள்ளையடிக்கவில்லை. ஆனால் சாட்சி சொல்லும்படி வைத்த காசை அவன் வாயடைத்து வைத்திருக்கக்கூடாது. அதை எடுத்துக் காட்டுகிறவன், "எவ்வளவு அழகு, எவ்வளவு விலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எங்கிருந்து வந்தது என்றும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லக்கடவன்.

அமெரிக்காக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் ஆவியானவர் என்னை விடமாட்டார். ஞானஸ்நானம் எடுக்கும்போது நம்மில் அநேக அம்மாமார் கம்மலும் சங்கிலியும் கழற்றிவிட்டார்கள். மாமியார் வீட்டாரிடம் ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு கழற்றினார்கள். அந்தச் சாட்சி சாதாரணமானதல்ல, கர்த்தர் அதை மறக்கமாட்டார். ஆனால் கழற்றின நகை எங்கே? காதுக்கும் கழுத்துக்கும் பாரமாய் இருந்தது லாக்கருக்குள் போய் ஓய்வெடுக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் போய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறோம். பெண்பிள்ளை கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வைத்திருக்கிறவர்களை நான் சொல்லவில்லை. அது வீட்டை விசாரிக்கிற ஞானம். ஒரு காரணமும் இல்லாமல், அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்துக்காக மட்டும் வைத்திருக்கிறோமே, அதைச் சொல்லுகிறேன். நம்முடைய சபையிலேயே பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் வட்டிக்கு வாங்குகிற குடும்பம் அதே வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறது. யார் என்று சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

கப்பல் கதையின் பின்பாதியைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பொன்னைத் தேட 161 பேர் சேர்ந்து 1 கோடியே 27 லட்சம் டாலர் போட்டிருந்தார்கள். பொன் கிடைத்தது, 2000-ல் ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு அதில் பெரும்பங்கு விற்றது. பணம் போட்டவர்கள் தங்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை என்று 2005-ல் வழக்குப் போட்டார்கள். 2012-ல் தாம்சன் நீதிமன்றத்துக்கு வராமல் மறைந்துபோனார். 2015 ஜனவரியில் புளோரிடாவில் ஒரு ஓட்டல் அறையில் பிடிபட்டார். கடலிலிருந்து எடுத்த பொன்னில் அடித்த 500 காசுகள் எங்கே என்று நீதிபதி கேட்டார். தெரியாது என்பதே அவர் பதில். சொல்லும் வரைக்கும் சிறை என்று 2015 டிசம்பரில் உத்தரவாயிற்று. ஒன்பது வருஷம் கடந்தது. இனி அடைத்து வைத்தாலும் பதில் வராது என்று சொல்லி 2025-ல் நீதிபதியே அந்த உத்தரவை முடித்துவைத்தார். அவரை நியாயந்தீர்ப்பது நம் வேலை அல்ல. அந்த வழக்கைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் சொல்லுவேன். கப்பலில் கடைசி மணி நேரத்தில் ஒருவரும் குனிந்து எடுக்காத பொன் அது.

டெக்சாஸ் சகோதரருக்குப் பதில் எழுதினேன். விற்றுவிடு என்றும் எழுதவில்லை, வைத்துக்கொள் என்றும் எழுதவில்லை. அது அவருக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ளது. மன்னாவைப் பற்றி எழுதினேன். அப்புறம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "தம்பி, எல்லாரும் தூங்கினப்புறம் எடுத்துப் பாக்கிறேன்னு எழுதியிருந்தியே. அந்தக் காசு வாங்கினது உன் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

பத்து நாள் பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது. "இன்னும் சொல்லலை ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சொல்லப் போறேன், ஜெபிச்சுக்கோங்க."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தக் குடும்பத்துக்காகவும் ஜெபிப்போம். பெயர் சொல்லாமல் ஜெபித்தாலும் கர்த்தருக்குத் தெரியும்.